பீஸில் இருக்கும் மாப்பிள்ளை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைப் பார்த்தாலும் ஆச்சரியமே வருவதில்லை. பரவை மார்க்கெட்டுக்கு எதிரே ஷாநவாஸ் டீக்கடைப் பெஞ்சின் மேல், சித்திரை மாதம் பதினோரு மணி வெயிலில், நாலு விரற்கடை உயரத்துக்குப் பனி விழுந்தது. ரோட்டில் ஒரு பொட்டு இல்லை. பக்கத்துச் செருப்புக் கடையில் இல்லை. பெஞ்சில் மட்டும்தான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். இன்னொருத்தன் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான். மூட்டை தூக்குகிறவன் ஒருவன் கை நிறைய அள்ளிப் பிடரியில் தேய்த்துக்கொண்டு, "அண்ணே, நாளைக்கும் விழுமா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். இதை யார் கொட்டினது, எதுக்குக் கொட்டினது என்று கேட்டவர் நல்லகாமன் ஒருத்தர்தான். எழுபத்து மூன்று வயது, மூணாங்கிளாஸ் படிப்பு, நாற்பது வருஷம் மார்க்கெட்டில் மூட்டை எடை போட்டவர்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை தோறும் பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர்கள் மதுரைக்குப் போய், மிலிட்டரி கேண்டீனில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஷாநவாஸ் கடையில் இறங்குவார்கள். டீ வந்ததும் யூனிட் பேச்சு ஆரம்பித்துவிடும். அன்றைக்கு, காலாட்படையில் இருபத்து நாலு வருஷம் இருந்த சுபேதார் சிவபாண்டி, பனிமலையில் காவல் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லப் பனி விழுந்தது. அடுத்த வாரம், சிக்னல் பிரிவில் இருந்த ஜமீல் பாலைவனத்தில் கம்பி இழுத்த கதையை எடுத்தார். பெஞ்சு முழுக்கச் சுடுமணல் கொட்டியது. ஷாநவாஸ் பிஸ்கட் பாட்டில்களை உள்ளே நகர்த்தினார், பெஞ்சோரம் ஒரு விளக்குமாறு வாங்கி வைத்தார், டீ விலையைக் கூட்டவில்லை. நாலு மாதத்தில் அதன் நடைமுறையும் ஊருக்குப் பிடிபட்டது. சொந்தக் கதை என்றால் விழும். அடுத்தவன் கதை என்றால் விழாது. பனிக் கதையின் நடுவில் சிவபாண்டி மூன்று எதிரிகளைக் கூடுதலாகச் சேர்த்தபோது, குழாயை மூடினது போலப் பனி நின்றது. ஜமீல் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இன்ஃபென்ட்ரிக்காரனுக்கு நடக்க மட்டுந்தான் தெரியும் மாப்ள. எங்க நடக்கணும்னு நாங்கதான் போன்ல சொல்லணும்."

"ஆமாமா, சிக்னல்காரனுக்கு எல்லாச் சண்டையும் தெரியும். ஒண்ணுலயும் ஆளு இருந்திருக்க மாட்டான்" என்றார் சிவபாண்டி.

நல்லகாமன் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஏணி போட்டு டீக்கடைத் தகரத்தில் ஏறிப் பார்த்தார். மேலே ஒரு கிழிந்த பந்தும் காக்கை எலும்பும்தான் கிடந்தன. பனியை ஒரு வாளியில் அள்ளி எடை போட்டார். மூன்று கிலோ நானூறு. உருகின பிறகும் அதே மூன்று கிலோ நானூறு. அவருடைய சந்தேகம் அங்கேதான் முற்றியது. வெயிலில் வைத்தால் எடை குறையாத சரக்கு என்று மார்க்கெட்டில் ஒன்றுகூடக் கிடையாது. குறையாதது எதுவோ அதில் தில்லுமுல்லு இருக்கிறது என்றார்.

அவருக்குப் பட்டாளக் கதைகளைக் கண்டால் ஆகாமல் போனதற்குக் காரணம் உண்டு. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் மகள் பாண்டிமீனாவை ஒரு பட்டாளத்துக்காரனுக்குத்தான் கட்டிக் கொடுத்தார். பச்சை உடுப்பு, இரும்புப் பெட்டி, எல்லைக் கதை, எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்தால் துப்பாக்கிச் சத்தம் வாயாலேயே போட்டுக் காட்டுவான். இரண்டு வருஷம் கழித்து, சீட்டு வியாபாரத்துக்கு ஓசூர் போன உறவுக்காரர் ஒருவர், அவன் அங்கே ஒரு கம்பெனி வாசலில் காவல் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். உடுப்பு கடையில் வாங்கினது. விஷயம் வெளியான பிறகு அவன் ஓசூரிலும் இல்லை, எங்கேயும் இல்லை. பாண்டிமீனா ஆறு மாதக் கைப்பிள்ளையோடு விளாங்குடியில் அப்பா வீட்டுக்கே திரும்பினாள். அந்தப் பிள்ளைதான் தமிழ்வாணி. இப்போது ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வந்த மாப்பிள்ளையும் பட்டாளத்துக்காரன். சமயநல்லூர் அருள்பாண்டி, பதினோரு வருஷ சர்வீஸ். அவரைக் கட்டினால் கட்டுகிறேன், இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். தாத்தா சரி என்று சொல்லாமல் கட்ட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். சுமை முழுக்கக் கிழவர் தலையில் இறங்கியது.

தரகர் வந்தபோது, "மாப்ள இப்ப பீஸ்ல இருக்காப்ல" என்றார். பட்டாளத்தில் சண்டையோ எல்லையோ இல்லாத ஊரில் வேலை என்றால் அதற்கு 'பீஸ்' என்று பெயர். அது நல்லகாமனுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த பீஸ், மின்சாரப் பெட்டியில் இருக்கிற பீஸ். 'பீஸ் போனவன்' என்று ஊரில் யாரைச் சொல்வார்கள் என்பதும் தெரியும். குண்டுச் சத்தத்தில் பையனுக்கு மூளை கலங்கிவிட்டது, தரகன் அதை நாசூக்காகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். மறுநாளே சமயநல்லூருக்கு பஸ் ஏறி, மாப்பிள்ளை தெருவில் ஒரு பெண்ணிடம் விசாரித்தார்.

"அந்தப் பய சட்டையக் கிழிச்சுக்கிட்டு ஏதும் திரியிறானாம்மா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல தாத்தா. லீவுல வந்தா அடுப்படிய விட்டு வெளிய வராது அந்தப் பிள்ள. நாள் பூரா எதையாவது வறுக்கும், இடிக்கும்."

பெரியவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஆனாலும் பேத்தியிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் தனக்கு நம்பிக்கை இல்லாத அந்தப் பெஞ்சையே நாடினார். ஒரு சனிக்கிழமை, லீவில் வந்திருந்த அருள்பாண்டியை டீ குடிக்கலாம் என்று பரவைக்கு வரவழைத்தார். பாண்டிமீனாவையும் கூட்டிப் போய் எதிரில் ஸ்டூலில் உட்கார வைத்தார். பெஞ்சின் சமாச்சாரத்தைப் பையனிடம் சொல்லவில்லை. சிவபாண்டியும் ஜமீலும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள்.

அருள்பாண்டி நல்ல வாட்டசாட்டம். பனிமலையில் இரண்டு வருஷம் நின்றதாக ஆரம்பித்தான். மீசையில் ஐஸ் தொங்கும் தாத்தா என்றான். வானம் துடைத்து வைத்தது போலக் கிடந்தது. பாலைவனத்துக்குப் போனான், ஒரு பொட்டு மணல் இல்லை. காட்டுக்குள் அட்டை கடித்ததாகச் சொன்னான். ஒரு ஈகூட வந்து உட்காரவில்லை. பெஞ்சில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தம்பி, இதுல உக்காந்து நானே பொய் சொல்லி மாட்டியிருக்கேன்" என்றார் சிவபாண்டி. "சும்மா சொல்லுங்க. பட்டாளத்துல என்ன வேல, என்ன ட்ரேடு?"

பையன் காலி கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்லகாமன் எழுந்து துண்டை உதறினார். "எந்திரி ஆத்தா, போவோம். இதுவும் அதே சரக்குதான்."

பாண்டிமீனா எழுந்திருக்கவில்லை. பையனையே பார்த்துக்கொண்டிருந்தவள், "தம்பி, பீஸ்ல இருக்கீங்கன்னாங்களே, அங்க என்னதான் வேல உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவன் குனிந்துகொண்டான். "சமையல் அத்தை. ஜபல்பூர்ல. லங்கர்னு சொல்வாங்க. பதினோரு வருசமும் அடுப்படிதான். துப்பாக்கியத் தொட்டதெல்லாம் டிரெய்னிங்ல தொட்டதுதான். சமையக்காரன்னா யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்க, வெளிய சொல்லாதன்னு அம்மா சொல்லிருச்சு. தமிழ்வாணிட்ட மட்டும் சொல்லிட்டேன்."

"லங்கரா!" என்றார் ஜமீல். "யா அல்லா, இதச் சொல்றதுக்கா இம்புட்டு நேரம் பனிமலை ஏறி இறங்குனீக?"

அப்புறம் அவனே சொல்ல ஆரம்பித்தான். விடிவதற்குள் நூற்று நாற்பது பேருக்கு மாவு பிசைய வேண்டும். பஞ்சாப்காரனுக்கு ரொட்டி தடிமனாக வேண்டும், நம்மாளுக்கு ரசம் வேண்டும், மலையாளத்தானுக்கு எதிலும் தேங்காய் வேண்டும். ரசத்துக்குப் புளியை டீத்தூள் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தான். அப்பா சாவுக்குப் போய்விட்டுத் திரும்பின ஒரு பையன் நாலு நாளாகத் தட்டைத் தொடவில்லை. அருள்பாண்டி அந்தப் பையனின் ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, அவன் வீட்டில் செய்கிற மாதிரி ஒரு கஞ்சி வைத்துக்கொண்டுபோய், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பையன் குடித்தான். அம்புட்டுத்தான் கதை.

மேலேயிருந்து ஒன்றும் விழவில்லை. ஆனால் சிவபாண்டி பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார். ஜமீல் கையில் இருந்த வடையைத் திருப்பித் தட்டில் வைத்தார். ஷாநவாஸ் வயிற்றைத் தடவிக்கொண்டு, காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லையே என்றார். பெஞ்சில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், ரோட்டில் போனவர்கள், எல்லோருக்கும் வயிறு நிறைந்துவிட்டது. மார்க்கெட் வாசலில் திரிகிற மாடு முட்டைக்கோஸ் இலையை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு மத்தியானம் பரவையில் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

"எங்க யூனிட்லயும் ஒருத்தன் இருந்தான்" என்றார் சிவபாண்டி, மெதுவாக. "பதினெட்டு வருசம் அவன் கையால தின்னிருக்கேன். பேரு தெரியாது. லங்கரேன்னுதான் கூப்பிடுவோம்."

அப்போதுதான் பாண்டிமீனா ஏப்பம் விட்டாள். புருஷன் போனதிலிருந்து தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறவள் அவள். இத்தனை வருஷத்தில் அவள் ஏப்பத்தை அந்த வீடு கேட்டதில்லை. சத்தம் அவளுக்கே வெட்கமாக இருந்தது; சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நல்லகாமன் மகளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், தகரக் கூரையைப் பார்த்தார்.

"உங்கம்மாவ நாள் பாக்கச் சொல்லு" என்றார். "ஆனா நான் நம்பிட்டேன்னு மட்டும் நெனச்சுக்கிறாத. எனக்கு இது வாயு."

மகளை பஸ் ஏற்றிவிட்டு, வாயு இறங்கட்டும் என்று திண்டுக்கல் ரோட்டோடு விளாங்குடிக்கு நடந்தார். பாதி வழியில் சந்தேகம் தாங்காமல் ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்து மட்டன் சுக்கா கொண்டுவரச் சொன்னார். சுக்காவை வேண்டாம் என்று சொன்ன நாள் அவர் வாழ்க்கையில் கிடையாது. ஒரு துண்டை வாயில் போட்டார். உள்ளே போக மறுத்தது. கடைக்காரர் இலையை எட்டிப் பார்த்தார்.

"பரவைப் பக்கமிருந்து வாரீகளா தாத்தா? ஒங்களோட நாலு பேரு இப்பிடி வச்சிட்டுப் போறாங்க."

"கறி வேகலப்பா" என்றார் நல்லகாமன். கறி பஞ்சாக வெந்திருந்தது. கையைக் கழுவிவிட்டு வெயிலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.