திரைக்கு முன்னால் ஓர் இருக்கை

தில்லையில் இறைவன் ஆகாயமாய் நிற்கிறான் என்று அடியார்கள் பாடிவைத்தார்கள். அந்த ஆகாயத்தை விமான இருக்கை வரிசைகளாக மட்டுமே அறிந்திருந்த பாலகுமார், பெண் பார்ப்பதற்காக அக்கோயிலுக்கு வந்திருந்தான். ஆடவல்லான் சன்னிதியில் அவன் கைகள் குவிந்திருந்தன. குவிந்த கைகளுக்கு நடுவே கைப்பேசி இருந்தது.

பெண், சத்யப்பிரியா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மின்பொருள் கடை வைத்திருக்கும் பொன்னுரங்கத்தின் ஒரே மகள்; மருத்துவமனை ஆய்வகமொன்றில் வேலை பார்ப்பவள். முன்பு வந்த வரன்களைப் பிடிக்கவில்லை என்ற ஒரே சொல்லால் அவள் திருப்பி அனுப்பியிருந்தாள். இம்முறை சிதம்பரத்துக்கு வரும் வழியிலேயே பொன்னுரங்கம் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"காரணம் சொல்லி வேணாம்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். சும்மா புடிக்கலன்னு சொன்னா, இன்னைக்கே பேசி முடிச்சிடுவேன். அமெரிக்கா மாப்ள நம்ம வாசல்ல வரிசையா நிக்கலம்மா."

கோயிலில் பெண் பார்ப்பது இப்பக்கத்தில் வழக்கந்தான். மனம் ஒத்தால் பேச்சு வளரும். ஒவ்வாவிட்டால், சாமி கும்பிட வந்தோம் என்று இரு வீட்டாரும் தலை குனியாமல் திரும்பலாம்.

வழிபாடு முடிந்து சிவகங்கைக் குளத்தருகே, மண்டப நிழலில் அமர்ந்தார்கள். பாலகுமாரின் தாய் கொளஞ்சியம்மாள் தூணில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். பெண்ணாடத்தில் கரும்பு போட்டு, கணவன் இல்லாமல் இவனைப் படிக்க வைத்தவள்.

"அடிக்கடி அவ்ளோ தூரம் பறக்குறது ஒடம்புக்குச் சிரமம் இல்லையா தம்பி?" என்றார் பொன்னுரங்கம்.

"சிரமம் பின்னால உக்கார்றவங்களுக்கு மாமா. நான் பிளாட்டினம்."

பிளாட்டினம் என்றால் என்னவென்று அவன் விரித்துரைத்தான். மலிவான பின்வரிசைச் சீட்டையே வாங்க வேண்டும். முன்வரிசையில் விலைபோகாத இருக்கை எஞ்சினால், அதிகம் பறந்தவர்களுக்கு அட்டையின் தரம் பார்த்து இலவசமாகத் தருவார்கள். விமானம் ஏறும் வாயிலில் பெயர் சொல்லி அழைப்பார்கள். அப்போது மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லும்போது, சன்னிதியில் வராத கனிவு அவன் முகத்தில் வந்தது.

"போன டிசம்பர்ல, பறந்த தூரத்துக்குக் குடுக்குற பாயிண்ட் கொஞ்சம் கொறஞ்சிடுச்சு. விட்டா கார்டு கோல்டுக்கு எறங்கிடும். அதான் சிங்கப்பூர் போனேன்."

"அங்க என்ன வேலையா?"

"வேலை ஒண்ணும் இல்ல மாமா. ஏர்போர்ட்டுலயே ஒரு காபி குடிச்சிட்டு, அடுத்த ஃப்ளைட்ல திரும்பிட்டேன்."

வேடிக்கை பேசுகிறான் என்று எண்ணிப் பொன்னுரங்கம் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. காவடி எடுத்து நடப்பவனும் போன இடத்தில் ஒரு மூர்த்தியைக் கண்டு மீள்கிறான். இவன் கடல் கடந்து கண்டது ஒரு காபிக் கோப்பை. பெற்ற வரம், அடுத்த ஆண்டும் பிறர்க்கு முன்னே அமரலாம் என்பது.

சத்யப்பிரியா தந்தையைப் பார்த்தாள். அவரோ மாப்பிள்ளையின் சாமர்த்தியத்தில் மயங்கியிருந்தார். வீண்பெருமை ஒரு குற்றமாக அவர் கணக்கில் சேராது என்பது அவளுக்குத் தெரிந்தது.

மகனின் பெருமையில் தன் பங்கையும் சேர்க்க விரும்பினாள் கொளஞ்சியம்மாள்.

"அத ஏம்மா கேக்குற. போன வருசம் என்னக் கூட்டிப்போயி அமெரிக்காவெல்லாம் காட்டுனான். திரும்பி வர்றப்ப அவ்ளோ சனம் நிக்குது, எம்மவனை மட்டும் மைக்குல கூப்புட்டாங்க. முன்னால போயிட்டான்."

"நீங்க எங்கம்மா உக்காந்தீங்க?" என்று கேட்டாள் சத்யப்பிரியா.

"நான் பின்னால, நடு சீட்டுல. ரெண்டு பக்கமும் ஆளு, எந்திரிக்கக் கூச்சம். காலு வீங்கிப்போயி எறங்குறப்ப செருப்புல நொழையல. ஆனா எம்புள்ள என்ன மறக்கலம்மா. நடுவுல தொங்குற தெரைக்கு அந்தாண்ட இருந்து, பிளேன்ல சாப்பாடு குடுக்குற பொண்ணுகிட்ட ஒரு சாக்லேட்டு குடுத்தனுப்புனான்."

அவள் உண்மையாகவே மகிழ்ந்து சொன்னாள். பொன்னுரங்கத்தின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"உங்க எடத்துல அம்மாவ உக்கார வச்சிருக்கலாமே," என்றாள் சத்யப்பிரியா.

"கேட்டா சில சமயம் விடுவாங்க," என்றான் பாலகுமார், சிறிதும் கூசாமல். "ஆனா அம்மாவுக்கு அந்த சீட்டோட அருமை தெரியாதுங்க. அவுங்க படுத்துத் தூங்கிடுவாங்க. வேஸ்ட்."

"ஆமாம்மா, எனக்கு அதெல்லாம் தெரியாது," என்றாள் தாய்.

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார். "தம்பி, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். கல்யாணம் ஆயி நீங்களும் எம்பொண்ணும் போறீங்க. முன்னால ஒரே ஒரு சீட்டுதான் காலின்னு கூப்புடுறாங்க. யாரு போவீங்க?"

பாலகுமார் அதை நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசித்தான்.

"கார்டு என் பேர்ல இருக்குல்ல மாமா. அவுங்க அத எனக்குக் குடுக்குற மரியாதை. ஆனா கவலப்படாதீங்க, ஒரே வருசத்துல இவுங்களுக்கும் சில்வர் வாங்கிக் குடுத்துடுவேன்."

பேச்சு முடிந்தது என்று எண்ணிய கொளஞ்சியம்மாள் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நெருக்கிக் கட்டிய மல்லிகைச் சரம். மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் சம்மதம் உறுதியாகிவிடும். பிறகு எந்தக் காரணமும் செல்லாது. அவள் தூணைப் பிடித்து எழ முயன்றாள். சத்யப்பிரியா தந்தையின் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.

பொன்னுரங்கம் எழுந்து அம்மூதாட்டியின் முன் கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. அந்தப் பூவ அம்பாளுக்குச் சாத்திடுங்க."

அதன் பொருள் இந்நாட்டுப் பெண்கள் எவருக்கும் விளங்கும். கொளஞ்சியம்மாளின் கை அப்படியே நின்றது. சத்யப்பிரியா அவளைத் தோளணைத்து எழுப்பி, அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, சிவகாமியம்மன் சன்னிதிக்கு அழைத்துப் போனாள்.

பாலகுமார் போகும் அவர்களைப் பார்த்தான். பிறகு பொன்னுரங்கத்தை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினான்.

"சில்வர்னு சொன்னது அவுங்களுக்குக் கொறச்சலா பட்டுதா மாமா? கோல்டே வாங்கிடலாம்."