குண்டுமணியின் சோப்பு டப்பா

தங்கைக்கு வேலை ஓர் இணையக் கடையைக் கவனித்துக்கொள்வது. வீட்டுச் சாமான் விற்கும் அந்தத் தளத்துக்குள் ஆட்கள் வரும்போது பக்கம் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது, தேடிய பொருள் உடனே கண்ணில் படுகிறதா, பணம் கட்டும் இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றுவிடுகிறதா என்பதையெல்லாம் சுவரில் மாட்டிய திரைகளில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேரத்தைக் காட்டும் கோடு தரையோடு படுத்துக் கிடந்தால் நிம்மதி. மேலே ஏறினால் யாரோ எங்கோ விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு காத்துக் கிடக்கிறார் என்று அர்த்தம். உடனே மணி அடிக்கும். அந்த அறையில் இருக்கும் அத்தனை பேரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

நிஜ வாடிக்கையாளர் தடுமாறும் முன்பே கோளாறு தெரிய வேண்டும் என்பதற்காக, தங்கை ஒரு பொய் வாடிக்கையாளரை உருவாக்கி வைத்திருந்தாள். அது ஆள் இல்லை, ஒரு கணினி நிரல். சில நிமிடங்களுக்கு ஒரு முறை கடைக்குள் வந்து பக்கங்களைத் திறந்து பார்த்துவிட்டுப் போகும். தினமும் காலையில் மட்டும் முழுசாக ஒரு பொருளை வாங்கி, சோதனைக்கென்றே வைத்திருக்கும் அட்டையில் பணம் கட்டி, அடுத்த நொடியே அதை ரத்து செய்துவிடும். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பது திரையில் கோடாக விழும்.

அந்த வாடிக்கையாளருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. தங்கை யோசிக்காமல் 'குண்டுமணி' என்று தட்டிவிட்டாள். சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பொருள் என்ன என்று படிவம் கேட்டபோது, யாரும் அதிகம் வாங்காத, எப்போதும் கையிருப்பில் இருக்கிற ஒரு பச்சை சோப்பு டப்பாவைத் தேர்ந்தெடுத்தாள். விலாசம் கேட்டபோது அக்கா வீட்டு விலாசத்தைப் போட்டாள். எல்லாம்தான் ரத்தாகப் போகிறதே.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அதற்குள் குண்டுமணி அந்த அலுவலகத்தில் ஒரு மனுஷியாகவே ஆகிவிட்டாள். காலையில் வந்ததும், "குண்டுமணி எப்படி இருக்காங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கோடு கொஞ்சம் ஏறினால், "பாவம், படியேற முடியாம மூச்சு வாங்கறாங்க" என்பார்கள். நிஜக் குண்டுமணிக்கு இதில் எதுவுமே தெரியாது. ஊரின் இன்னொரு கோடியில் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, சாப்பாட்டு நேரத்தில் தங்கைக்கு போன் போடுவாள். தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்புறம் கூப்பிடறேன்க்கா" என்பாள். கூப்பிட மறந்துவிடுவாள். அக்கா அதைப் பெரிதுபடுத்தியதில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு அவளே கூப்பிடுவாள்.

இப்படி இருக்கும்போது ஆர்டரை ரத்து செய்யும் பகுதியைப் புதிதாக எழுதினார்கள். எழுதியவன் தங்கையின் பக்கத்து நாற்காலிக்காரன். தடித்த கண்ணாடி போட்டிருப்பான் என்பதால் அலுவலகத்தில் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர். புதுப் பகுதி வந்ததும் ரத்தாகும் நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது. கோடு தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. மேலாளர் தன் அறையிலிருந்து எழுந்துவந்து திரையைப் பார்த்து, "குண்டுமணிக்கு இறக்கை முளைச்சிடுச்சு போல" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடி அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

அந்த நாட்களில் அக்கா வழக்கத்தைவிட அதிகமாகவே கூப்பிட்டாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி" என்று ஆரம்பிப்பாள். தங்கை, "சாயங்காலம் பேசலாம்க்கா" என்று வைத்துவிடுவாள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா ஒருநாள் படம் எடுத்து அனுப்பினாள். சாப்பாட்டு மேசை. அதன்மேல் கோபுரம் மாதிரி அடுக்கிய பச்சை சோப்பு டப்பாக்கள். கீழே எழுதியிருந்தாள்: 'போதும்டி. மாமா குளிக்கப் போகவே பயப்படறார்.'

தங்கைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அந்தப் பச்சை நிறம் உறைத்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு டப்பாவின் ஓரத்தில் தங்கள் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. பெறுநர்: குண்டுமணி. 

"டேய், இங்க வா" என்று கண்ணாடியைக் கூப்பிட்டாள். அவர்கள் பக்கத்துப் பதிவில் எல்லா ஆர்டரும் ரத்து என்றே இருந்தது. கிடங்குக்கு போன் போட்டார்கள். எடுத்தவர் சாவகாசமாக, "ஆமா, தினம் ஒரு பச்சை டப்பா அந்த அம்மாவுக்குப் போகுதே, நாங்களும் எதுக்குன்னு பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார்.

காரணம் பிடிபட நேரம் ஆகவில்லை. முன்பெல்லாம் ஆர்டரும் ரத்தும் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகக் கிடங்குக்குப் போகும். புது ஏற்பாட்டில் ரத்துக்குத் தனியாகக் குறுக்கு வழி போட்டிருந்தார்கள். வாங்கிய கையோடு ஒருவர் ரத்து செய்தால், ஆர்டர் போய்ச் சேரும் முன்பே ரத்து போய்ச் சேர்ந்துவிடும். கிடங்கு, அப்படி ஓர் ஆர்டரே இல்லையே என்று அதைத் தூக்கிப் போட்டுவிடும். பின்னாலேயே ஆர்டர் வந்து நிற்கும். பொட்டலம் கட்டி அனுப்பிவிடுவார்கள். ரத்து வேகமாக ஓடியதென்னவோ உண்மை. கோடு பொய் சொல்லவில்லை. அது போன இடத்தில் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் பிரிவில் விசாரித்தால் அங்கேயும் சில புகார்கள் கிடந்தன. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பொருள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அவர்கள்தான் மறந்துபோய் இரண்டு முறை அழுத்தியிருப்பார்கள் என்று பதில் போயிருந்தது. கண்ணாடிக்கு முகம் சுண்டிப்போனது. மத்தியானத்துக்குள் சரிசெய்துவிட்டான். பொட்டலம் நின்றுபோனது என்று கிடங்கிலிருந்தே பதில் வந்த பிறகுதான் எல்லாம் சரி என்று திரை காட்ட வேண்டும் என தங்கையும் தன் சோதனையை மாற்றி எழுதினாள்.

மேலாளர் யாரையும் திட்டவில்லை. "புகார் எழுதினவங்க எல்லாருக்கும் இன்னைக்கே மன்னிப்புக் கேட்டு எழுதிடலாம். உங்க அக்காகிட்ட மட்டும் நீங்களே பேசிடுங்க. டப்பாவைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

தங்கை மாடிப்படியில் நின்று போன் போட்டாள். அக்கா எடுத்த எடுப்பில், "படம் பாத்தியா? இப்பவாவது கூப்பிட்டியே" என்றாள். அவள் குரலில் இருந்த குதூகலத்தைக் கேட்டதும், டப்பாவைத் திருப்பிக் கேட்பதைத் தங்கை தள்ளிப்போட்டாள்.

"முதல் டப்பா வந்தப்பவே நீதான் அனுப்பினேன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சுடி. சின்ன வயசுல குளிச்சிட்டு சோப்பைத் தண்ணியிலயே போட்டுட்டு வந்துடுவே. கரைஞ்சு கஞ்சியா கிடக்கும். நான் உன்னைக் கத்துவேன். ஒருநாள் நீ அழுதுகிட்டே, 'நான் பெரியவளானதும் உனக்கு நூறு சோப்பு டப்பா வாங்கித் தரேன், அப்பவாவது திட்டாம இரு'ன்னு சொன்னே. நீ மறந்திருப்பேன்னு நினைச்சேன். மாமாகிட்ட சொன்னா அவர் நம்பல. நம்ம வீட்டுல எத்தனை பேர் குளிக்கிறாங்கன்னு உன் தங்கச்சிக்குத் தெரியாதான்னு கேக்கறார்."

தங்கைக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. "நான் நேர்ல வரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு லேபுக்குப் போனாள். அக்கா இத்தனை வருடமாக வேலை பார்க்கும் இடத்துக்கு அவள் வருவது அதுதான் முதல் முறை. நீளமான மேசை, அதன் ஓரத்தில் சின்ன நீல ஜுவாலை, ரோஜா நிற மெழுகு வாசனை, எல்லாவற்றின் மேலும் பிளாஸ்டர் தூசி. அக்கா மூக்கை மறைத்த துணியுடன் ஒரு கடைவாய்ப் பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குப் பின்னால் இருந்த அலமாரியில் பச்சை டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு.

"வா, வா. தொடாதே, அதெல்லாம் ஆளுங்க" என்றாள் அக்கா. ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே யாரோ ஒருவரின் கீழ்த்தாடை அச்சு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. "வீட்டு மேசையில இருந்ததையும் காலையிலயே இங்க கொண்டுவந்துட்டேன். முன்னாடி அட்டைப் பெட்டியில வெச்சிருந்தோம், ஈரத்துல ஊறிடும். இதுல அடியில ஓட்டை வேற இருக்கு. தண்ணி வடிஞ்சிடுது. அளவெடுத்து வாங்கின மாதிரி இருக்கு."

திருப்பிக் கேட்க வந்தவளுக்கு, திருப்ப ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்துவிட்டது. எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பொய் வாடிக்கையாளர், கடைசிவரை ரத்தாகாத ரத்து, கையிருப்பில் கிடந்ததால் எடுத்த டப்பா. நூறு டப்பா என்று தான் சொன்னது நினைவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

அக்கா கேட்டுக்கொண்டே தேய்த்தாள்.  பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊதி, கீழே வைத்தாள்.

"அப்போ நீ அனுப்பல."

"இல்லக்கா."

"மாமாகிட்ட பந்தயம் கட்டிட்டேனே." துணியைக் கழுத்துக்கு இறக்கினாள். முகத்தில் ஒரு வாட்டம் வந்து போனது. "சரி, அந்தக் குண்டுமணி தினம் உங்க கடையில என்னதான் பண்றா?"

"வருவா. பார்ப்பா. வாங்குவா. அவளை எங்கயாவது காக்க வெக்கிறோமான்னு நாங்க பாத்துகிட்டே இருப்போம்."

"காக்க வெச்சா?"

"மணி அடிக்கும். எல்லாரும் எழுந்து ஓடுவோம்."

"எத்தனை பேர்?"

"அந்த அறையில இருக்கிற எல்லாரும். மேலாளர்கூட."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். பிளாஸ்டர் படிந்த கையால் கண்ணைத் துடைத்து இமையெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டாள். "நல்லா இருக்குடி கதை. அவ கொஞ்சம் நின்னா ஊரே ஓடுது. நான் போன் பண்ணா அப்புறமாம்."

அவள் அதைக் குத்திக்காட்டுவதாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னாள். தங்கைதான் தலையைக் குனிந்து, மேசையில் சிந்தியிருந்த மெழுகுத் துணுக்கை நகத்தால் சுரண்டினாள்.

"டப்பா ஏதோ கையில அகப்பட்டதுன்னு எடுத்தே. ஒத்துக்கறேன்" என்றாள் அக்கா. "எங்க வீட்டு விலாசம் எதுக்குப் போட்டே?"

"நான் அப்போ வருஷத்துக்கு ஒரு அறை மாறிகிட்டிருந்தேன்க்கா. என் விலாசமே எனக்கு மனப்பாடம் கிடையாது. படிவம் கேட்டுச்சு. கை தானா உன் வீட்டைத்தான் எழுதிச்சு."

அக்கா எழுந்துபோய் ஒரு துண்டை நனைத்துக்கொண்டு வந்து, தங்கையின் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியைத் தேய்த்துத் துடைத்தாள். சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல கொஞ்சம் அழுத்தமாகவே துடைத்தாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். தங்கை சாப்பிட்டிருக்கவில்லை. அக்காவின் சாப்பாட்டு டப்பாவில் இருந்ததை இருவரும் அந்த மேசையின் ஓரத்திலேயே பாதிப் பாதியாகச் சாப்பிட்டார்கள். அதற்குள் தங்கையின் போன் இரண்டு முறை ஒலித்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். மணி அடிக்கும் விஷயம் இல்லை என்று தெரிந்ததும் பையில் போட்டுவிட்டாள்.

அலுவலகத்தில், டப்பாக்களுக்குள் இப்போது பல வாய்கள் குடியிருக்கின்றன என்று கேட்டதும் மேலாளர் வெகுநேரம் சிரித்தார். டப்பாவை விட்டுவிடச் சொன்னார். ஆனால் சோதனைக்கு நிஜ மனிதர் வீட்டு விலாசம் இனி கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தங்கை அந்த இடத்தில் கிடங்கின் விலாசத்தையே எழுதினாள். பெயரையும் மாற்றப் போனபோது கண்ணாடி, "பேர் இருக்கட்டுமே, வேற யாரையும் நலம் விசாரிக்க எனக்கு வராது" என்றான். பெயர் அப்படியே நின்றது.

அக்காவிடம் சொன்னபோது, "என்னை வீடு மாத்திட்டீங்க, ஒரு வார்த்தை கேக்கல" என்றாள். பிறகு, "அந்தக் கோட்டை எனக்கும் காட்டேன்" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் லேபுக்கு விடுமுறை வந்தபோது தங்கை அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இவங்கதான் குண்டுமணி" என்று சொன்னதும் அறை முழுக்க எழுந்து நின்றது. மேலாளர் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டார். அக்காவுக்குக் கூச்சமாகிவிட்டது. நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று தங்கையின் காதில் சொன்னாள். திரையில் கோடு எந்தச் சலனமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். "இவ்வளவா இருந்தாத்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்" என்றாள் தங்கை.

மதியம் இருவரும் வெளியே சாப்பிடப் போவதாக ஏற்பாடு. தங்கை பையை மாட்டிக்கொண்டு லிஃப்டருகே போய்த் திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். அவள் கண்ணாடியின் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சிரிக்கும்போது அவன் கையால் வாயை மறைத்துக்கொண்டதை அவள் உள்ளே வந்தபோதே கவனித்திருந்தாள்.

"எந்தப் பக்கம் பல்லு? காட்டுங்க தம்பி. அட, இங்க யாரும் பாக்கல."

அவன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். அக்கா அவன் தாடையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். லிஃப்ட் வந்து, கதவு திறந்து மூடி, போய்விட்டது. தங்கை பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, மெதுவாவே பாரு" என்றாள்.