சனிக்கிழமை எண்ணெய்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், அந்த ஜன்னலோரம் குளிர் அடிக்கும். இன்றைக்கு ஒரு சைக்கிள் செயின் கதை சொல்லப்போகிறேன். எல்லோரும் சாப்பிட்டாயிற்றா? சாப்பிட்டு, அது வயிற்றில் இறங்கியும் இருந்தால்தான் ஆரம்பிப்பேன். மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டிய கதை இது. நடுவில் யாருக்காவது குமட்டினால் கிழவியைத் திட்டக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஆசிய விளையாட்டு வரப்போகிறது என்று டில்லியை ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த வருஷம். ஆர்.கே.புரத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு மாடி வீட்டில் பூங்கோதை என்று ஒரு பெண் இருந்தாள். சேலத்துப் பக்கத்துப் பெண். அவள் புருஷன் பரமசிவத்துக்கு சர்வே இலாகாவில் வேலை, மாதத்தில் பாதி நாள் ஏதாவது மலையில் கூடாரம் போட்டுக்கொண்டு கிடப்பான். வீட்டில் அவளும் மாமியார் செல்லம்மாளும்தான். பூங்கோதை லோதி ரோட்டுப் பக்கம் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பஸ்ஸில்தான் போனாள். அந்த பஸ்ஸைப் பற்றி என்ன சொல்ல! நிற்க இடமில்லாத கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு கை வரும். யாருடைய கை என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் ஜன்னலுக்கு வெளியே சாமி தரிசனம் செய்துகொண்டிருக்கும். இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று, வெற்றிலை எச்சில் நாற்றத்தோடு கழுத்தில் ஒரு மூச்சு. ஆபீஸுக்குப் போனதும் குழாயடியில் நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். தொட்டது அங்கே இல்லைதான். கழுவ முடிந்தது அவ்வளவுதானே. மத்தியானம் டப்பாவைத் திறந்து, தயிர்சாதத்தைப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிடுவாள்.

இதை மாமியாரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், வேலையை விடு என்பார்களோ என்று பயம். அதனால், "பஸ் நேரத்துக்கு வர்றதில்ல அத்தை" என்று ஒரு சாக்குச் சொல்லி, லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கினாள். ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் பழகினவள்தான். முதல் நாள் மோதிபாக் தாண்டும்போது அந்த பஸ் புகையைக் கக்கிக்கொண்டு அவளைக் கடந்து போயிற்று. படியில் தொங்கின முதுகுகளைப் பார்த்தாள். இனிச் செத்தாலும் அதில் ஏறுவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சைக்கிள் இருந்தால் பஸ் இல்லை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் சைக்கிளுக்கும் ஓர் அசிங்கம் உண்டு, செல்லங்களா. அதுதான் செயின். சைக்கிள் கடைக்காரன், அங்கே எல்லோரும் அண்ணன் என்கிற மாதிரி 'பையா' என்பார்கள், பழைய லாரியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஒரு நசுங்கின டப்பாவில் வைத்திருப்பான். கேட்காமலே அதைச் செயினில் கொட்டுவான். அதன் மேல் டில்லி தோண்டின மண்ணெல்லாம் வந்து அப்பிக்கொள்ளும். ஒரு வாரத்தில் செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் கறுப்பாக, கொழகொழவென்று, செத்த ஈயும் தலைமயிரும் கலந்த ஒரு களி. புடவை ஓரம் அதில் பட்டால் போயிற்று. விரலில் பட்டால் நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கையால் சோறு பிசைய அவளால் முடியவில்லை, ஸ்பூனில் சாப்பிட்டாள்.

"என்னாடி இது, ஆஸ்பத்திரி நோயாளி கணக்கா?" என்றாள் செல்லம்மாள்.

பூங்கோதை தானே சுத்தம் செய்யத் துணிந்தாள். மண்ணெண்ணெயில் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷை முக்கித் தேய்த்தாள். களி கரைந்து ஒழுகிற்று. அப்புறம் சோப்புத்தூள், வெந்நீர், கந்தல் துணி. செயின் வெள்ளிச் சங்கிலி மாதிரி ஆயிற்று. இப்போது என்ன எண்ணெய் விடுவது? பையாவின் டப்பா பக்கமே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். அலமாரியில் தலைக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெய் இருந்தது. சுத்தமான எண்ணெய், வாசனையும் நன்றாக இருக்கும். அதையே விட்டாள்.

நம்ம ஊர் என்றால் பரவாயில்லை. அது தை மாதத்து டில்லி. காலையில் இறங்கிப் பார்த்தால் செயின் முழுக்க வெள்ளை வெள்ளையாக உறைந்து, செத்த மாட்டுக் கொழுப்பைப் பூசினதுபோல் இருந்தது. சரி, ஓடினால் இளகும் என்று ஏறி மிதித்தாள். வழியில் சிமெண்டுத் தூசி அதில் ஒட்டி உருண்டை உருண்டையாகத் திரண்டது. மேம்பாலம் கட்டுகிற இடத்தில் செயின் கழன்று விழுந்தது. சாம்பல் நிறப் பசையை விரலால் நோண்டி எடுத்து மாட்டிவிட்டு, ஆபீஸுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள்.

கீழ்வீட்டு ஏகாம்பரம் அன்றைக்கு அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தார். ஏகாம்பரம் எதையும் வீணாக்காதவர். தேய்ந்த சோப்பையெல்லாம் ஒட்டி ஒரே கட்டியாக்குவார், குடித்த டீத்தூளைக் காயவைப்பார்.

"என்னா பாப்பா, செயினுக்குத் தேங்காய் எண்ணெயா? அரே ராம்! இந்த ஊருக்குக் கடுகு எண்ணெய்தான். உறையவே உறையாது. நான் தர்றேன் போ" என்றார்.

"வேணாம்ங்கண்ணா, கடையில வாங்கிக்கிறேன்."

"கடையில எதுக்கு? எங்கிட்ட நிறைய கிடக்குது. நம்ம சைக்கிள் ஸ்டாண்டுல பாதிப் பேருக்கு நான்தான் குடுக்கிறேன்."

மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். கலங்கலாக, அடியில் ஏதோ படிந்த எண்ணெய். அவளும் விட்டாள். செயின் ஓடிற்று. ஆனால் நாற்றம்! கடுகின் காரம், கருகின திரி, அதற்கும் அடியில் செத்த எலிக்குக் கிட்டத்தட்ட வருகிற ஒரு ஊசல் நெடி. ஈ மொய்த்தது. குவார்ட்டர்ஸ் நாய் ஒன்று தினமும் வந்து செயினை நக்கிவிட்டுப் போயிற்று. ஒரு தடவை அடிப்பிசுக்கிலிருந்து வாடின சாமந்தி இதழ் ஒன்று வந்தது. இதில் எப்படி சாமந்தி என்று அவளுக்குப் புரியவில்லை. எதுவாய் இருந்தால் என்ன, பஸ் இல்லையே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை மாமியாரும் மருமகளும் பால் பூத்துக்கு நடந்து போனார்கள். முச்சந்தியில் சனி பகவான் வாளிக்காரன் உட்கார்ந்திருந்தான். நீங்கள் பார்த்திருப்பீர்களே! வாளிக்குள் இரும்பில் ஒரு சிலை, அதன் கழுத்தில் சாமந்தி மாலை. போகிறவர் வருகிறவரெல்லாம் தங்களைப் பிடித்த பீடை ஒழியட்டும் என்று கடுகெண்ணெயை அதில் ஊற்றுவார்கள். சிலபேர் தங்கள் முகத்தையே எண்ணெயில் பார்த்துவிட்டு ஊற்றுவார்கள், முகத்தோடு சேர்ந்து சனியும் போகட்டும் என்று. அந்த வாளிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, கைக்குட்டையில் எண்ணெயை வடிகட்டி பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தது யார்? நம்ம ஏகாம்பரம்தான்.

"வாங்கக்கா! இவன் எப்படியும் சாக்கடையிலதான் ஊத்தறான். வீணாப் போவுதேன்னு..." என்று பல்லைக் காட்டினார்.

செல்லம்மாளுக்கு விஷயம் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. "அடப்பாவி! இதையா எம் மருமவளுக்குக் குடுத்தே? ஊர்ல இருக்கிறவன் சனியெல்லாம் அவ காலுக்குக் கீழயா சுத்துது?"

"செயினுக்கு ஏதுக்கா சனி? இரும்பு அவருக்குப் பிடிச்ச சாமானுதானே!"

செல்லம்மாள் அங்கேயே, சாக்கடை ஓரத்தில், காறித் துப்பினாள். பூங்கோதை விரல்களைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். யார் யார் வீட்டு நோயோ, யார் யார் முகமோ. அதை விரலால் தொட்டு, அந்த விரலால் மூக்குத்தியைத் திருகியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் செல்லம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அந்தச் சைக்கிள் இனி இந்தப் படியேறக் கூடாது. எவனுக்காவது குடுத்துத் தொலை. ஊரே பஸ்ஸுலதான் போவுது. உன் ஒடம்பு மட்டும் என்ன தங்கத்துலயா செஞ்சு வச்சிருக்குது?"

"கழுவிடறேன் அத்தை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சா..."

"சனியை மண்ணெண்ணெயில கழுவுவியா? பேசாத."

சைக்கிளை யாருக்கும் கொடுக்க மனசில்லாமல் கீழே ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, பூங்கோதை மறுபடி பஸ் ஏறினாள். அந்த வாரம் முழுக்க, சாயங்காலம் வீட்டுக்கு வந்த வேகத்தில் குளியலறைக்குள் போய், பச்சைத் தண்ணீரைக் கட்டின புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடிக்கும். சனி எண்ணெயின் தீட்டைக் கழிக்கிறாள் போலிருக்கிறது என்று செல்லம்மாள் நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை புளியும் முருங்கைக்காயும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்கள். செல்லம்மாள் டில்லி பஸ்ஸில் அதிகம் போனவள் இல்லை. கூட்டத்தில் பூங்கோதை மாமியாரைத் தனக்கு முன்னால் விட்டு, பின்னால் தான் நின்றுகொண்டாள். ஆனால் டிரைவர் பிரேக் போட்ட குலுக்கலில் இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள்.

செல்லம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஏதோ ஊர்ந்தது. பை உரசுகிறது என்று நினைத்து நகர்ந்தாள். அதுவும் கூடவே நகர்ந்தது. பைக்கு விரல் உண்டா? அவளுக்கோ நரைத்த கொண்டை, பொக்கை விழுந்த வாய், பேரன் எடுக்கிற வயசு.  செல்லம்மாள் அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்து, எல்லோரும் பார்க்கத் தூக்கினாள்.

"யாருதுடா இது? ஏய், யே கிஸ்கா ஹை? பாருங்க எல்லாரும்! உங்க ஆயா வயசுடா எனக்கு, நாற நாயே!"

கையின் மறுமுனையில் இஸ்திரி போட்ட சட்டையும் பேனாவுமாக ஒரு மனுஷன். "பீட் ஹை மாதாஜி, பீட் ஹை" என்றான், கூட்டம் என்ன செய்ய என்கிற மாதிரி. இரண்டு பேர் சிரித்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தான். பூங்கோதை முண்டியடித்து வந்து மாமியாரைக் கீழே இறக்கினாள். எந்த நிறுத்தம் என்றுகூடப் பார்க்கவில்லை.

நடைபாதையில் செல்லம்மாள் ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை. முந்தானையால் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தோல் சிவக்கும்வரை.

"பிசுபிசுன்னு இருந்துது புள்ள. ஈரமா."

"தெரியும் அத்தை."

செல்லம்மாள் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். சாயங்காலக் குளியல் எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"தினமுமா?"

"தினமும்தான்."

"சொல்லறதுக்கு என்னா?"

"எப்படி அத்தை சொல்லுவேன்? வேலைக்குப் போகாதேன்னுட்டா?"

 செல்லம்மாள் அப்படித்தான் சொல்லியிருப்பாள், அது அவளுக்கே தெரிந்தது. புளியும் வாங்கவில்லை, முருங்கைக்காயும் வாங்கவில்லை. வீடு வரைக்கும் இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் பூங்கோதை படியிறங்கிப் பார்த்தாள். செல்லம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் முன்னால் குந்தியிருந்தாள். மூக்கின் மேல் ஒரு துண்டைக் கட்டியிருந்தாள். கிண்ணத்தில் மண்ணெண்ணெய், கையில் பிரஷ். கண்ணி கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழுப்பும் கறுப்புமாகச் சனியெல்லாம் தரையில் ஒழுகிற்று.

"சீ, சீ! என்னா வீச்சம்! வராத, நீ கிட்ட வராத. ஆபீஸுக்குப் போறவ கை" என்று துண்டுக்குள்ளிருந்து திட்டினாள். "வெந்நி கொண்டா. சோப்புத்தூளு நிறையப் போடு."

"சனி அத்தை?"

"எனக்குப் பிடிக்கட்டும் போ. அந்த நாயி கைக்கு இது எவ்வளவோ தேவலாம்."

ஏகாம்பரம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கையில் புது பாட்டில். "அக்கா, எண்ணெய் வேணுமா? இந்தத் தடவை நல்லா வடிகட்டியிருக்கேன்."

"உன் தலையில தேச்சிக்கிட்டு முழுவு. ஜல்தி உள்ள போ, இந்தக் கிண்ணத்தை மூஞ்சியில ஊத்திப்புடுவேன்."

கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம், ஆபீஸுக்குத் தாமதமானாலும் ஆகட்டும் என்று, கடை திறந்ததும் செக்டர் மார்க்கெட்டில் சைக்கிள் எண்ணெய் விற்கிற கடைக்குப் போனார்கள். செல்லம்மாள் ஒவ்வொரு பாட்டிலாக மூடி திறக்கச் சொல்லி முகர்ந்தாள். ஒன்று தார் நாற்றம். ஒன்று கெட்டியாக மூக்குச்சளி மாதிரி தொங்கிற்று, அதைத் தள்ளிவிட்டாள். ஒன்றில் பார்க்கும்போதே தூசி மிதந்தது. கடைக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாதாஜி, யே கானே கா நஹீ ஹை" என்றான்.

"என்னா சொல்றான்?"

"இது சாப்பிடறது இல்லையாம் அத்தை."

"நாம சோறு திங்கற கைன்னு சொல்லு அவங்கிட்ட."

கடைசியில் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் வந்தது. தண்ணீர்போலத் தெளிவு. செல்லம்மாள் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து கண்ணிக்கு ஒரு சொட்டாக மருமகள் விட, மாமியார் பெடலைப் பின்னால் சுற்றினாள். மிஞ்சினதைக் கந்தலால் துடைத்தார்கள். மிஞ்சினால்தானே மண் ஒட்டும். வாரத்துக்கு இரண்டு தடவை சொட்டு விட வேண்டியிருந்தது, சீக்கிரம் காய்ந்துவிடும். அதைப் பற்றி யாருக்கும் குறை இல்லை.

அன்றைக்குப் பூங்கோதை ஏறி மிதித்தபோது செயினிலிருந்து சத்தமே வரவில்லை. செல்லம்மாள் கேட் வரைக்கும் போனாள். எதிரே பஸ் ஸ்டாப்பில் ஆம்பிளைகள் கும்பலாக நின்று மருமகளையே பார்த்தார்கள். செல்லம்மாள் அவர்களைப் பார்த்த பார்வையில் ஒருவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் குனியவில்லை. பூங்கோதையும் திரும்பவில்லை. மோதிபாக் பக்கம் வளைந்து போயே போய்விட்டாள்.

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. போய்க் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் போகிற வழியெல்லாம் மேலே ஒரு தூசி ஒட்டாமல் போய், சிரித்த முகமாகத் திரும்பி வரட்டும். வந்து சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வீட்டில் ஆள் இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், குடம் வற்றாமல், உலையில் கொதிக்கிற சோறு எல்லோர் வயிற்றுக்கும் இதமாக இறங்கட்டும். நல்லா இருங்கள், எல்லோரும் நல்லா இருங்கள்.