சுண்ணாம்புக்குக் கீழே

தண்ணீர் முப்பத்தொரு மணி நேரம் ஆற்றோரம் புதிதாகக் கட்டிய அந்த வீட்டுக்குள் நின்றது. வடிந்தபோது அண்ணன் மட்டும் மொட்டை மாடியில் இருந்தான். தையல் மெஷினைத் தூக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிய அண்ணி திரும்பவில்லை.

ஐந்தாம் நாள் ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். அங்கே எழுத்தராக இருந்த தங்கை நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். அண்ணன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். அவனுக்கு இத்தனை நாளும் ஒரே பேச்சு.

"நான்தான் பாப்பா அவளக் கொன்னுட்டேன். ஆத்தோரம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா. எல்லாம் விசாரிச்சாச்சுன்னு வாயை அடைச்சேன்."

யாரிடம் விசாரித்தான் என்பதை மட்டும் அவன் சொல்வதில்லை. சோறு இறங்கவில்லை. இப்படியே போனால் அவனும் தங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நம்ம ஊர்ல இதுவரைக்கும் தண்ணி ஏறினதா சரித்திரமே இல்ல. இயற்கை பண்ணினதுக்கு யார் என்ன செய்யறது?"

"ஆமாமா, உங்க மருமகன் ஆத்தோரம் மனை போட்டு வித்தப்புறம்தான் ஆத்துக்கே வழி தெரிஞ்சிருக்கு" என்றார் படகுக்காரர். யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "ரைட்டரம்மா, நீயே சொல்லு. பழைய விவரம் ஏதாச்சும் இருக்கா?"

அவளுக்கு வேலையை நிரந்தரமாக்குவதாக வாக்குக் கொடுத்தவர் அவர். 'இல்லீங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் அண்ணன் எழுந்தான். "அவள ஏங்க இழுக்கறீங்க? சின்னப் பொண்ணு. தப்பு என்னோடது. என்னோட போகட்டும்."

அவள் சுவரிடம் போனாள். கையை உயர்த்தி நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு பெயர்ந்தது. அவள் தலைக்கு மேலே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு வருஷம்.

"நம்ம பாட்டன் காலத்துல வெள்ளம் நின்ன மட்டம் இது. பின்னால வர்றவங்க பாத்து வீடு கட்டட்டும்னு பொழச்சவங்க போட்டு வெச்சது. அலமாரிக்குப் பின்னாடி கிடந்துச்சு. நகர்த்தினப்ப பாத்தோம். மனை விக்காதுன்னு தலைவர் அழிக்கச் சொன்னார்."

"ஏய், உக்காரு!" என்றார் தலைவர்.

"ஊர் பட்ட அடிய மறைச்சா அது இன்னொரு உயிரக் கேக்கும். அந்தப் பாவத்துல, மறைக்கச் சொன்னவருக்கு எவ்வளவோ, வாய மூடிட்டு இருந்தவங்களுக்கும் அவ்வளவு."

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"சுண்ணாம்பு அடிச்சது நான். அங்க கட்டலாமான்னு நீ என்கிட்டதான கேட்ட? தெரிஞ்சேதான் கட்டுன்னு சொன்னேன், அண்ணா."