மண்சோறும் மாத்திரையும்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பச்சை அங்கியை மாட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார வைத்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆபரேஷன் என்றால் ஊரே பயப்படும். நான் என்னவோ கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரி முதல் நாளே வளையலையும் மெட்டியையும் கழற்றி முடிந்து வைத்துவிட்டேன். தாலியையும் கழற்றச் சொன்னார்கள். மாமியார் எல்லையம்மாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டார்.

சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. மாதாமாதம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சுருண்டு கிடந்ததை வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே" என்றார்கள். ஸ்கேன் எடுத்தால் அதுவும் அவர்கள் பக்கமே சேர்ந்துகொண்டு ஒன்றுமில்லை என்றது. டாக்டரம்மா ஒருவர்தான் நம்பினார். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியேயும் வளர்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம். "எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம். வயித்துல சின்னதா துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்தாத்தான் உறுதியாத் தெரியும்" என்றார். அதுவரை வலி அடங்கக் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை கேட்டது. எழுந்து நடமாட ஆரம்பித்தேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் பிள்ளையில்லாத வீட்டில் கருத்தடை மாத்திரை! என் வீட்டுக்காரர் காயாரோகணம், "அம்மாவுக்குத் தெரிய வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றார். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக் குப்பம். உள்ளூர் மருந்துக்கடையில் வாங்கினால் சேதி எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும் என்று, நாகப்பட்டினம் போய் அவரே வாங்கி வந்தார்.

ஆடி வெள்ளியன்று அத்தை என்னை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் மண்சோறு சாப்பிட வைத்தார். பிள்ளை வரம் கேட்கிறவள் கோயில் தரையில் போட்ட சோற்றைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வாயால் எடுத்துச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டேன். அன்று ராத்திரியும் மாத்திரை விழுங்கினேன். என் வயிறு படும் பாடு அம்மனுக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடந்தபோது ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. "புள்ள ஏன் தங்கலன்னு பாக்கப் போறாங்க" என்று மட்டும் அவர் அத்தையிடம் சொல்லிவைத்தார். காவிரித் தண்ணீர் கேட்டு வழியெல்லாம் மறியல். பஸ் நின்று நின்று ஒருவழியாக வந்து சேர்ந்தோம்.

காலையில் நர்ஸ் என் கையில் ஊசியைச் செருகிவிட்டுக் கேள்வி கேட்டாள். "சுகர் இருக்கா? பல்லு கட்டியிருக்கீங்களா? தண்ணிகூட குடிக்கலல்ல?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "கருத்தடை மாத்திரை கடைசியா எப்பம்மா போட்டீங்க?"

அத்தை பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதில் நான் குறைந்தவள் இல்லை. ஆனால் அத்தை மடியில் முடிந்திருந்த என் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கடலுக்குப் போற புள்ளடி அவன். அம்மன் முன்னாடி மண்சோறு தின்னுட்டு, இதையும் முழுங்கியிருக்கியே. அவ சும்மா விடுவாளா? தண்ணியில அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

மாமனாரைக் கொண்டுபோன கடல் அவர் உடம்பைக்கூடத் திருப்பித் தரவில்லை. அத்தையின் பயம் நடிப்பில்லை.

"வலிக்குத்தான் அத்தை போட்டேன். டாக்டர் குடுத்தது. உங்க மவனையே கேளுங்க, அவுங்கதான் வாங்கிட்டு வந்தாங்க."

அத்தை, கட்டிலின் கால்மாட்டில் நின்ற மகன் பக்கம் திரும்பினார். "தெரியுமாடா உனக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

என் வாய்க்குக் குப்பமே பயப்படும். அன்றைக்கு அதில் ஒரு வார்த்தை வரவில்லை.

"முதல்ல கோயிலுக்குப் போயி மாப்பு கேட்டுட்டு வரட்டும். இப்ப ஆபரேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அத்தை வெளியே போனார். அவரும் பின்னாலேயே போனார்.

"நானே கையெழுத்துப் போடுறேன் சிஸ்டர்" என்றேன்.

"போடலாம்மா. ஆனா கூட ஆள் இல்லாம தியேட்டர்ல எடுக்க மாட்டாங்க. அவசரத்துக்கு ரத்தம் கித்தம் வேணும்னா யாரு ஓடுறது? அம்மா வீட்டுல யாராச்சும்?"

"யாரும் இல்ல."

பாவப்பட்டு டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "உங்க பேரைக் கடைசியில வச்சிருக்காங்க. யாரையாச்சும் வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் வாயில எதுவும் படக்கூடாது." யாரை வரச் சொல்வது? வலியாவது வந்திருக்கலாம், அதைக் காட்டியாவது கெஞ்சியிருப்பேன். பாழாய்ப்போன மாத்திரை நன்றாகவே வேலை செய்தது.

வெகுநேரம் கழித்து அவர் மட்டும் வந்தார். கையில் இட்லிப் பொட்டலம். கண் சிவந்திருந்தது.

"அம்மா பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கு, இப்பவே கிளம்பணுங்குது. மன்னிச்சுக்க சுந்தரி. அது முகத்தப் பாத்ததும் வாயே வரல. அடுத்த தடைக்காலத்துல கண்டிப்பா செஞ்சுடுவோம். அதுவரைக்கும் மாத்திரை நான் வாங்கித் தர்றேன், அம்மாவுக்குத் தெரியாம."

பேசிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்து, இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தொட்டு என் வாய்க்கு நேரே நீட்டினார். "நேத்து ராத்திரிலேருந்து பட்டினி. சாப்புடு."

வாயில் பட்டால் இன்றைக்கு ஆபரேஷன் கிடையாது. அது அவருக்கும் தெரியும். வாசலில் நின்ற நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். தட்டிவிட்டால் மட்டும், தியேட்டர் வாசலில் யார் நிற்பது?

வாயைத் திறந்தேன்.