மண்புழுவோடு கடலுக்கு

1

இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. போளூர் பேருந்து நிலையத்தில் பார்த்தேன்.

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். கையில் மூங்கில் தூண்டில் கழி. பேருந்தின் வாசலைவிட நீளம். நுனியில் நைலான் நரம்பு சுற்றியிருந்தது. சிவப்புத் தக்கை ஒன்று காற்றில் ஆடியது. நடத்துநர் படியை மறித்து நின்றார்.

"இன்னாம்மா இது, யாரைக் குத்தப் போற?"

"மீனை."

"எந்த ஏரிக்கு?"

"கடலுக்கு."

நடத்துநர் சிரித்தார். பிறகு கழியைச் சன்னல் வழியாக வாங்கி, இருக்கைகளுக்கு அடியில் நீளவாக்கில் கிடத்தினார். பேருந்து போய்விட்டது.

நான் பார்த்தது அவ்வளவுதான். அவள் மலையிலிருந்து இறங்கியவள் என்பதுகூட ஊகம். ஜமுனாமரத்தூர் பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றிருந்தாள். மற்றதெல்லாம் என் வேலை. தவறு இருந்தால் அவளுடையதல்ல.

2

முதல் வரிகள் சில:

[கடலையே பார்த்திராத ஒரு மலையில்] மலை எதைப் பார்க்கும்?

[ஈஸ்வரிக்கு மீன் என்றால் உயிர்.] பொய். பிடிப்பாள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள்.

[மார்கழியில் ஒருநாள், டீக்கடையை மூடும்போது, கடலுக்குப் போவதென்று ஈஸ்வரி முடிவு செய்தாள்.]

இது நிற்கட்டும்.

கடை ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குப் போகும் வழியில் இருக்கிறது. அவள் கணவன் தாண்டவராயன் மலைக் கிராமங்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். சாயங்காலம் வந்து டீ கிளாஸ் கழுவித் தருவான்.

"கோடைல கடலுக்குப் போலாம்னு கீறேன்."

"கடல்ல இன்னா கீது?"

"மீனு."

"நம்ம ஏரில இல்லாத மீனா?"

"அது உப்பு மீனு."

"உப்பு வேணும்னா டப்பால கீது. எட்த்துப் போட்டுக்கோ."

அவள் அடுப்பைத் துடைத்தாள்.

"எந்தக் கடலு?" என்றான்.

"நாணல்துறை."

தாண்டவராயன் ஒரு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தான். இன்னொன்றையும் கவிழ்த்தான்.

"அங்க இன்னா மீன் விழும்?" என்று கேட்டான்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவனை அவளுக்குக் கணவனாக வைத்தேன்.

(நாணல்துறையை நிலப்படத்தில் தேட வேண்டாம். ரயில், பேருந்து, அதன் பிறகு இன்னொரு சின்னப் பேருந்து, அதுவும் நின்ற பிறகு மணலில் நடை. அப்படிப்பட்ட துறை ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.)

3

நாணல்துறையில் சரவணகுமார் இருக்கிறான். ஈஸ்வரியின் தம்பி. விசைப்படகில் வேலை. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததால் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் மீனைப் பற்றியே பேசினார்கள்.

அவனுக்கு ஏரியில் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தது அவள்தான். தக்கை ஆடும்போது இழுக்காதே, முழுகும்போது இழு என்பாள்.

முந்தின வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் அவர்களுடைய அப்பா இறந்தார். மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து, போளூரிலிருந்து குளிர்ப்பெட்டி மேலே வர முடியவில்லை. குமார் கடலுக்குள் இருந்தான். தொலைபேசியில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னது. மறுநாள் மதியம் உறவுக்காரர்கள் ஈஸ்வரியின் முகத்தைப் பார்த்தார்கள். மூத்தவள் அவள்தான்.

"எட்த்துடலாம்" என்றாள்.

குழியில் முதல் பிடி மண்ணை மகன் போட வேண்டும். மருமகன் தாண்டவராயன் போட்டான்.

குமார் அதற்கு மறுநாள் வந்தான். விழுந்த மரத்தைத் தாண்டி மலை ஏறி நடந்தே வந்தான். அப்பாவைப் புதைத்த மேட்டின் பக்கத்தில் நின்றான். சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"ஒரு நாளு நிறுத்தியிருக்கலாமேக்கா" என்றான். இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு அவனுக்குப் போன் அடித்தால் மணி போகும். எடுக்க மாட்டான்.

[அவள் செய்தது சரியா] என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன். விட்டுவிட்டேன். அந்த வாக்கியத்தை அவளே நிறைய முறை தொடங்கியிருப்பாள்.

4

திட்டம் தை, மாசி, பங்குனி என்று வளர்ந்தது.

கோடைதான் தோது. புளி உலுக்கி முடிந்திருக்கும். சாமை விதைக்க மழை வந்திருக்காது. இடையில் கொஞ்ச நாள் மலை சும்மா இருக்கும்.

ஏரியைத் தாண்டிய மூங்கில் புதரில் தாண்டவராயன் கழி வெட்டினான். நெருப்பில் காட்டி நிமிர்த்தினான். கடல் மீன் கனம் என்று யாரோ சொன்னதால் தடித்த நரம்பு வாங்கினார்கள். கழி நீளம், பேருந்தில் ஏறாது, இரண்டாக வெட்டிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். வழிக்குப் புளிசோறு. அங்கே கொடுக்க ஓர் உருண்டைப் புளி. மீன் அங்கே கிடைக்கும், புளிக்கு எங்கே போவார்கள் என்றாள். யார் எங்கே போவார்கள் என்று அவன் கேட்கவில்லை.

கடல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கைபேசியில் பார்த்திருக்கிறாள். அதில் எல்லாமே உள்ளங்கை அளவுதான்.

விடியும் நேரம். மலைப்பாதையின் கடைசித் திருப்பத்துக்கு மேலே ஒரு பாறை. கீழே போளூர் இல்லை, வயல் இல்லை, ரயில் பாதை இல்லை. வெள்ளையாக, விளிம்பில்லாமல், மெதுவாகப் புரண்டுகொண்டு ஒன்று கிடக்கிறது. ஈஸ்வரி பாறையில் உட்கார்ந்து நரம்பை அதற்குள் விடுகிறாள். தக்கை வெள்ளையின் மேல் நிற்கிறது. உள்ளே எங்கோ ஒரு படகின் மோட்டார் சத்தம். அல்லது முதல் பேருந்து மேலேறும் சத்தம். தக்கை ஆடுகிறது. அவள் இழுக்கவில்லை. முழுகட்டும் என்று இருக்கிறாள். வெயில் வருகிறது. தக்கை வெறுங்காற்றில் தொங்குகிறது.

(மேலே உள்ள பத்தி என் கையெழுத்தில்தான் இருக்கிறது. எழுதிய நினைவில்லை. அவள் கண்ட கனவா, நான் கண்டதா, பனிக்காலத்தில் அவள் உண்மையிலேயே அங்கே போய் உட்கார்ந்தாளா? இருக்கட்டும். எடுத்துவிட்டால் கதையில் கடலே இருக்காது.)

5

முதலில் எழுதிய வரைவில் இந்த இடத்தில் ஒரு படகு கடலுக்குள் போனது. மே மாதம். அக்காவும் தம்பியும் விளிம்பில் அடுத்தடுத்து உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள். அவன் அலையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான். நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

காரணம் கண்ணாயிரம்.

சந்தையில் சாக்கு விரித்து நெத்திலியும் வாளையும் விற்கிற கருவாட்டு வியாபாரி. சமவெளிக்காரர். நாணல்துறையில் சரக்கு எடுப்பவர். குமாரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

"அண்ணே, மே மாசம் நாணல்துறைக்கு வர்றோம்" என்றாள் ஈஸ்வரி. "மீன் புடிக்க."

கண்ணாயிரம் தராசைக் கீழே வைத்தார். "எந்த மே மாசம்?"

"வர்ற மே மாசந்தான்."

"தடைக்காலம்மா அது. மீனு முட்டை வுடுற நேரம். கவர்மென்ட்டே கடலைச் சாத்திடும். போட்டெல்லாம் கரையேத்திக் கெடக்கும். மே மாசம் பாத்து மீன் புடிக்கக் கெளம்பினவங்க இந்த உலகத்துலயே நீங்கதான்."

பக்கத்துச் சாக்கில் வெங்காயம் விற்றவர்கூடச் சிரித்தார். மலையில் யாருக்கும் இது தெரியாது. எழுதிய எனக்கும் தெரியாது. ஈஸ்வரியும் நானும் ஒரே தவறைச் செய்திருந்தோம்.

"நல்லவேளை" என்றான் கூட வந்திருந்த தாண்டவராயன். "அப்ப ஆடில போலாம்."

"ஆடில சாமைய யாரு வெதைப்பாங்க, நீயா?"

ஈஸ்வரி ஒரு வாளைக் கருவாட்டை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். வைத்தாள்.

"போட்டு கரைல கெடந்தா, ஆளுங்க?"

"ஊர்க்காரங்க வூட்ல. வெளியூரானுங்க அவனவன் ஊருக்குப் போய்டுவானுங்க. உன் தம்பி ஒருத்தன்தான் போறதில்ல. போட்டுக்குப் பெயின்ட் அடிச்சிக்கினு அங்கியே கெடக்குறான். போன தடைக்காலமும் அப்படித்தான், அதுக்கு..."

நிறுத்திக்கொண்டார். மார்கழியிலிருந்து யாரும் சொல்லாத வார்த்தை சந்தை நடுவில் விழுந்துவிட்டது. கண்ணாயிரம் ஒரு கை நெத்திலியை அள்ளிப் பொட்டலத்தில் கூடுதலாகப் போட்டார். அதற்குக் காசு கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஈஸ்வரி கேட்டாள்: "மீனே புடிக்காத கடலுக்கு இன்னா சொல்லிக்கினு போறது?"

"மீன் புடிக்கப் போறேன்னே சொல்லு. யாரு வந்து எண்ணப் போறாங்க."

கொஞ்ச தூரம் போனார்கள்.

"அவன் கரைல இருப்பான்" என்றாள். "கடலுக்குள்ள போய்ட முடியாது."

6

எனக்கு வேறு வழிகள் இருந்தன. பயணத்தை வேறு மாதத்துக்குத் தள்ளியிருக்கலாம். தடையே இல்லாத ஒரு கடலை உண்டாக்கியிருக்கலாம். துறையை உண்டாக்கியவனுக்கு அது பெரிய காரியமில்லை.

ஆனால் படகு ஓடும் காலத்தில் அவள் போனால், அக்கா வருகிறாள் என்று தெரிந்ததும் அவன் அடுத்த படகில் ஏறிவிடுவான். அவன் அப்படிப்பட்டவன் என்று நினைக்கிறேன். மேயே இருக்கட்டும்.

இனி அவளுக்குச் சாக்கு இல்லை. மீன்பிடிக்கப் போகும் கதை என்று ஆரம்பித்த எனக்கும் இல்லை.

7

தாண்டவராயனை நான் போளூரில் பார்க்கவில்லை. அவள் தனியாகத்தான் நின்றாள். ஆகவே அவனை மலையிலேயே நிறுத்த வேண்டும். என்ன காரணம் சொல்வது என்று பல நாள் தவித்தேன். அவனே சொன்னான்.

"நான் வரல. ஜீப்புக்கு ஆளு இல்ல."

"நாலு மாசமா சொல்லாத ஜீப்பு இப்ப எங்கருந்து வந்துச்சி?"

அவன் தன் வலது கையைப் பார்த்தான். வேட்டியில் துடைத்துக்கொண்டான். அவளும் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை.

கிளம்புகிற காலையில் ஈஸ்வரி இரை தோண்டினாள். கடல் மீனுக்கும் மண்புழுதான் போடுவார்கள் என்று நினைத்தாள். மலைக்காரி வேறு எதை நினைப்பாள்?

இங்கேதான் எனக்கு ஆசை வந்தது. அவளை அப்பாவின் மேட்டுக்கு அனுப்பினேன். [கையால் மண்ணைக் கிளறினாள். அப்பாவின் தலைமாட்டில் ஈரம் இருந்தது. ஒரு புழு] இங்கே ஈஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பொணக்குழில புழு எடுக்குறவளா நானு?"

மன்னிப்புக் கேட்டு அடித்துவிட்டேன்.

எல்லோரும் தோண்டுகிற இடத்தில் தோண்டினாள். கடைக்குப் பின்னால், கிளாஸ் கழுவிய தண்ணீர் ஓடி நிற்கும் இடம். மண் சிவப்பு. புழுக்கள் உயிரோடு இருக்க வேண்டுமென்று டப்பா நிறைய மண்ணோடு அள்ளினாள். மூடியில் ஆணியால் துளை போட்டாள். இடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் பின்னால்.

8

நாணல்துறை. பகல்.

படகுகள் மணலில் ஏறி நிற்கின்றன. தண்ணீரில் பாதி மறைந்திருக்க வேண்டியவை முழுதாகத் தெரிகின்றன. இவ்வளவு பெரியவையா என்று அவளுக்குத் தோன்றியது. எங்கும் பெயின்ட் வாசனை. ஒரு படகின் பக்கவாட்டில் ஏணி. ஏணியில் ஒருவன் நீலம் அடித்துக்கொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. போதும்.

அவள் அவனிடம் போகவில்லை. அலையைத் தடுக்கக் கொட்டிய கற்களின் மேல் நடந்து, கடைசிக் கல்லில் உட்கார்ந்தாள். கடல் அவள் பாறையிலிருந்து பார்த்ததைப் போல் இல்லை. சத்தம் போட்டது. ஆனால் விளிம்பில்லாமல் இருப்பதில் ஒரே மாதிரி. புழுவைக் கோத்து நரம்பை வீசினாள். தக்கை அலையில் ஏறி இறங்கியது.

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கழியைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இவ்வளவு நீள மூங்கிலில் தூண்டில் போடுவதில்லை. ஒருவர் ஏணியைப் பார்த்துக் கூப்பிட்டார். "டே மலை, உங்க ஊரு ஆளு யாரோ வந்துகீறாங்க பாரு."

தூரிகை நின்றது.

[அவன் ஓடி வந்து] இல்லை.

[அவன் திரும்பவே இல்லை. பொழுது சாய்ந்தது. அவள் கழியைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு] இதுவும் இல்லை. இந்த முடிவை எழுதி ஒரு வாரம் வைத்திருந்தேன். அழகாக இருந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவளுக்குப் பின்னால் நின்றான். வெகுநேரம் இரண்டு பேரும் தக்கையைப் பார்த்தார்கள்.

"மண்புழுவுக்கு இங்க ஒண்ணும் விழாதுக்கா."

"தெரியாது."

"இறால் போடணும்."

"யாரு சொல்லிக் குடுத்தா எனக்கு?"

அவன் குந்தினான். டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தான். மலையின் வாசனை வந்திருக்கும். எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை. நீலம் படிந்த விரல்களை மண்ணுக்குள் விட்டான். புழுவை எடுக்கவில்லை. மண்ணைப் பிடித்தான்.

"எங்க தோண்டின?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் எதைக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டும் அவள் வாயில் இருக்கின்றன. அப்பாகிட்ட என்று சொன்னால் அவன் அந்தப் பிடியை என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். கதை இங்கேயே முடிந்துவிடும். நீங்கள் அழுவீர்கள். அவள் மட்டும் அந்தப் பொய்யோடு ஊர் திரும்பி, தினமும் கடைக்குப் பின்னால் கிளாஸ் கழுவுவாள்.

கடைக்குப் பின்னாடி என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதை எழுதிப் பார்க்கப் பல முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அவன் கை மண்ணுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

அதனால் நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள். கல் கொஞ்சம் சுடும். அவனைப் பார்க்காதீர்கள், அவளையும் பார்க்காதீர்கள், தக்கையைப் பாருங்கள். அவள் பதில் சொல்லப் போகிறாள். உங்களுக்குக் கேட்கும்.