கறுப்பு டேப்புக்கு மேலே இரண்டு விரல்

லுத்விக் பஸ் ஓட்டுகிறவன். பெட்சா மலையடிவாரத்துப் பள்ளத்தாக்கில் மேலும் கீழுமாக நாளைக்கு ஆறு நடை. அதே பஸ்ஸை மாலையில் ஓட்டுகிறவன் குள்ளன். ஆகவே தினமும் காலையில் லுத்விக்கின் முதல் வேலை, இருக்கையைப் பின்னால் தள்ளுவது, அதை இறக்குவது, மூன்று கண்ணாடிகளையும் தன் முகத்துக்குத் திருப்புவது. இருபத்திரண்டு வருடம் இதைச் செய்ததில் அவனுக்கு ஒரு ஞானம் கூடியிருந்தது. எந்த இருக்கையிலும் உட்கார்ந்த மாத்திரத்தில், தனக்கு முன் அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிவிடுவான். பல் டாக்டரிடம் போனால்கூட, வாயைத் திறப்பதற்கு முன், "எனக்கு முன்னாடி ஒரு குண்டு ஆளு வந்துட்டுப் போனாரா?" என்று கேட்பான். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இந்த ஞானம்தான் அவன் நிம்மதியைக் கெடுத்தது.

புதன்கிழமை மதியம் கொட்டகையிலிருந்து சைக்கிளை வெளியே எடுத்து, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். சீட்டு அவனைத் தூக்கிப் பிடித்தது. ஹேண்டில்பார் வயிற்றுக்குக் கிட்டே வந்து நின்றது. பிரேக் பிடிகள் கைக்குள் நெருங்கிக் கிடந்தன. இது அவன் உட்காரும் சீட்டு இல்லை. அவன் மனைவி மிலோய்கா உட்காரும் சீட்டும் இல்லை. இறங்கிக் குனிந்து பார்த்தான். சீட்டுத் தண்டில் இரண்டு டேப் ஒட்டியிருந்தது. கறுப்பு அவனுக்கு. அதற்கு நாலு விரல் கீழே சிவப்பு, அவளுக்கு. சீட்டு நின்றதோ கறுப்புக்கு மேலே இரண்டு விரல். அந்த இடத்தில் மெல்லிய நீலச் சாக்பீஸ் கோடு ஒன்று.

எவனோ ஒருவன். நெட்டையன். அடையாளம் வைத்துக்கொண்டு வந்து போகிறவன்.

அந்த சைக்கிள் பதினோரு வருடங்களுக்கு முன் தீயணைப்புப் படை விழாவின் குலுக்கலில் முதல் பரிசாக வந்தது. குலுக்கல் சீட்டு வாங்கியது மிலோய்கா. மேடையேறிப் பரிசை வாங்கியது லுத்விக். ஒரு கையில் தொத்திறைச்சி, ஒரு கையில் ஸ்பேனர், சுற்றிலும் பாதி ஊர். அங்கேயே சீட்டை அமைத்து டேப் ஒட்டினான். தான் ஒரு மீட்டர் எண்பத்து நாலு, மனைவி தன் காது வரைக்கும்தான், ஆகவே நாலு விரல் கீழே. கணக்கு சரி. அப்போது மிலோய்கா அதில் ஏறி உட்கார்ந்து என்னவோ சொன்னாள், லுத்விக்கும் ஒரு பதில் சொன்னான், ஊரே சிரித்தது. என்ன சொன்னோம் என்று இப்போது அவனுக்கு நினைவில்லை. நல்ல நகைச்சுவையாக இருந்திருக்க வேண்டும்.

அன்று மதியம் அவன் சைக்கிள் ஓட்டவில்லை. சுவரில் சாய்த்துவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து யோசித்தான். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. கோடையெல்லாம் அவள் வாரத்துக்கு நாலு நாள் சைக்கிளில் மலைக்குப் போகிறாள். முன்பெல்லாம் திரும்பி வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு தைலம் பூசுவாள். வீடு முழுக்கக் கற்பூர வாடை அடிக்கும். இப்போது வாடை இல்லை. கன்னம் சிவக்க வருகிறாள். பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுக்கிறாள். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் பாத்திரத்துக்குப் பாட்டு எங்கே இருந்தது? தைலத்தை நிறுத்தினாளே, யாருக்கு அந்த வாடை பிடிக்கவில்லை?

சாக்பீஸ் கோடு என்றால் தச்சன் எர்வின்தான். தச்சர்கள்தான் கோடு போடுவார்கள். எர்வின் ஒரு மீட்டர் தொண்ணூற்று மூன்று.

ஆனால் ஆதாரம் வேண்டும். பழைய சுரங்க வாசலில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் ஸ்வோன்காவிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஏம்மா, இந்த சீட்டுல உட்கார்றவன் எவ்வளவு உயரம் இருப்பான்?"

ஸ்வோன்கா சைக்கிளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பூசணி விதைத் தோலைத் துப்பிவிட்டு மறுபடி சைக்கிளைப் பார்த்தாள்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா. ஒரு பந்தயம்."

"உயரத்தை வெச்சு சீட்டு வைக்கிறதில்லை, லுத்விக். காலை வெச்சு வைக்கணும். ஏறி உட்காருங்க. பெடலைக் கீழ விட்டு, குதிகாலை அதுமேல வைங்க. முட்டி நேரா நீண்டா சீட்டு உங்களுக்குச் சரியான உயரம். அவ்ளோதான் வித்தை."

உட்கார்ந்தான். குதிகால் பெடலைத் தேடிக் காற்றில் அலைந்தது. மெதுவாக இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தான்.

"இடுப்பைச் சாய்க்கக் கூடாது. அது ஏமாத்து."

"எட்டலையே!"

"எட்டாது. இந்த ஆளுக்கு உங்களைவிடக் கால் நீளம்."

"என்னைவிடவா? நான் ஒரு மீட்டர் எண்பத்து நாலு!"

"அது தலை வரைக்கும். காலுக்குத் தனிக் கணக்கு."

"அப்ப எர்வின்தான். தச்சன்."

"எர்வினா? அவர் கையைப் பாத்திருக்கீங்களா, மண்வெட்டி மாதிரி? இந்தப் பிரேக் பிடியைப் பாருங்க, உள்ள திருகி விட்டிருக்கு. சின்னக் கைக்கு வெச்சது. எர்வின் பிடிச்சா அவர் விரலே நசுங்கும். அப்புறம் சீட்டை முன்னாடி நகர்த்தியிருக்கு, ஹேண்டில்பாரை நெஞ்சுப் பக்கம் திருப்பியிருக்கு. உடம்பு குட்டையான ஆளு. எட்டிப் பிடிச்சுப் பிடிச்சுத் தோள் வலி கண்ட ஆளு. முறையாப் பண்ணணும்னா ஹேண்டில்பாரைத் தாங்கற இந்தக் கழுத்துத் தண்டைக் கழட்டிட்டு, குட்டையா ஒண்ணு போடணும். சைக்கிள் தனக்கு மட்டும் சொந்தமில்லேன்னு நினைக்கிற ஆளு போல. பாவம், இருக்கறதை வெச்சு ஒப்பேத்தியிருக்கு."

"கால் நீளம், உடம்பு குட்டை, கை சின்னது. இது மனுஷனா நாரையா?"

"நல்ல நாரைதான்," என்றாள் ஸ்வோன்கா. அவள் உதட்டோரம் துடித்தது. "வீட்டுக்குப் போய் ஒரு அளவு டேப் எடுத்து அளந்து பாருங்க."

"யாரை?"

"வீட்லேர்ந்தே ஆரம்பிங்களேன்."

தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு லுத்விக் வந்துவிட்டான்.

எர்வின் என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். முகமில்லாத ஒரு நாரையை என்ன செய்வது? வியாழக்கிழமை முழுவதும் அவன் ரோட்டைப் பார்க்கவில்லை. ஏறுகிறவர்களின் கால்களைப் பார்த்தான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தை நிற்காமல் தாண்டிவிட்டான். பின்னாலிருந்து ஒரு கிழவர், "டேய், என்னைக் கல்லறைக்கே கொண்டுபோறியா?" என்று கத்தினார். தபால்காரருக்குக் கால் நீளம், ஆனால் கை பெரிது. பள்ளி ஆசிரியருக்குக் கை சின்னது, ஆனால் எல்லாமே சின்னது. அப்புறம் தேவாலய நிறுத்தத்தில் பாதிரியார் ஏறினார். வெள்ளை வெளேரென்ற பூப்போன்ற கைகள். காலோ அங்கிக்குள். அதற்குள் எவ்வளவு கால் இருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"ஃபாதர், நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா?"

"அந்தக் காலத்துல ஓட்டினேன், லுத்விக். மலை மேலெல்லாம் போவேன். ஏம்ப்பா?"

"ஒண்ணுமில்லை," என்றான் லுத்விக். பாதிரியாருக்கு எழுபத்தாறு வயது. சந்தேகம் வயதைப் பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை சமையலறையில் பீன்ஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது. மிலோய்கா தையல்காரி. மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து அவனுடைய புது யூனிஃபார்ம் பேன்ட்டின் கால் மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். லுத்விக் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. பிரிந்துபோனால் குளிர்காலத்து விறகை எப்படிப் பங்கு போடுவது என்றுகூட யோசித்து, முழுவதையும் அவளுக்கே விட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தான்.

"யாருன்னு மட்டும் சொல்லிடு," என்றான்.

"எது யாரு?"

"எனக்கு எல்லாம் தெரியும். கால் நீளம். கை சின்னது. வயசு எழுபத்தாறு."

மிலோய்கா ஊசியை நிறுத்தினாள். "காய்ச்சல் அடிக்குதா உனக்கு?"

"என் டேப்புக்கு மேல ரெண்டு விரல் உயரத்துல எவனோ உட்கார்றான். நீயும் தைலம் பூசறதில்லை, பாட்டுப் பாடறே. போறதுன்னா போ, மிலோய்கா. நான் தடுக்கலை. விறகெல்லாம் எடுத்துக்கோ. ஆனா அந்த ஃபாதர்..." ஒரு மீட்டர் எண்பத்து நாலு ஆள், மேஜை விரிப்பின் ஓரத்தில் மூக்கைத் துடைத்தான்.

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவன் உண்மையாகவே சொல்கிறான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. நின்ற இடத்தில் கோபம் வந்தது. ஏப்ரன் பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்து மேஜை ஓரத்தில் ஒரு கோடு கிழித்தாள். நீலக் கோடு.

சீட்டுத் தண்டில் கண்ட அதே நீலத்தை லுத்விக் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"எழுந்து நில்லு," என்றாள். அளவு டேப்பை எடுத்து, தொடையிடுக்கிலிருந்து தரை வரை அளந்தாள். "எழுபத்தெட்டு. இப்ப நீ என்னை அள."

அளந்தான். நம்பாமல் மறுபடி அளந்தான். எண்பத்திரண்டு. இரண்டு முறையும் எண்பத்திரண்டு.

"உனக்கு இது தெரியுமா?"

"பத்தொன்பது வருஷமா உன் பேன்ட்டை யாரு மடிச்சுத் தைக்கறா? உன் இடுப்புக்கு வாங்கினா காலு தரையைப் பெருக்கும். ஒவ்வொண்ணுலயும் வெட்டி வெட்டி எடுத்த துணியில ஒரு போர்வையே தைச்சிருக்கேன். நீலமா ஒண்ணைப் போத்திக்கிட்டுத் தூங்கறியே, அது என்னன்னு நினைச்சே?"

லுத்விக் உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸில் உட்கார்ந்து ஓட்டும் அவனைப் பார்க்கிற புதியவர்கள் இவன் இரண்டு மீட்டர் இருப்பான் என்று நினைப்பதும், இறங்கி நின்றதும் ஏமாந்து பார்ப்பதும் நினைவுக்கு வந்தன. அவன் உயரமெல்லாம் இடுப்புக்கு மேலேதான்.

"பதினோரு வருஷம்," என்றாள் அவள். "ஒவ்வொரு ஏத்தத்துலயும் முட்டி பிளக்கற மாதிரி வலி. டாக்டர் வயசுன்னாரு. நீயும் வயசுன்னே. அப்ப எனக்கு முப்பத்தஞ்சு. இந்த வசந்தத்துல ஸ்வோன்கா வழியில நிறுத்தி, 'உனக்கு இந்த சீட்டை யாரு வெச்சது, விரோதியா?'ன்னு கேட்டா. இல்லை, புருஷன்னு சொன்னேன். போகும்போது ஏத்துவேன், வரும்போது எல்லாத்தையும் பழையபடி வெச்சுடுவேன். ஏதோ திருட்டுத்தனம் பண்ற மாதிரி. செவ்வாய்க்கிழமை மழை கொட்டிச்சு, மறந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். அன்னிக்கே, விழாவுல. 'கொஞ்சம் தாழ்வா இருக்கு'ன்னேன். நீ ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு, 'சீட்டு விஷயத்துல எனக்கே பாடமா?'ன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அவனுக்கு நினைவு வந்துவிட்டது. நல்ல நகைச்சுவையாக இல்லை.

"அதை எப்பவோ மன்னிச்சுட்டேன்," என்ற மிலோய்கா ஊசியைப் பேன்ட்டில் குத்தி வைத்தாள். "இந்த ஃபாதர் விஷயத்தை எப்படி மன்னிக்கறதுன்னுதான் தெரியலை. நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். கணவாய்க்கு அந்தப் பக்கம். சைக்கிள்லயே."

"எப்ப வருவே?"

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை ஸ்வோன்கா கடையைத் திறப்பதற்குள் லுத்விக் அங்கே போய் நின்றிருந்தான். அவள் உள்ளே போய், ஹேண்டில்பாருக்குக் குட்டையான ஒரு கழுத்தைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். "முன்னாடி நாலு போல்ட். மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. அவசரப்பட்டா விரிசல் விடும்," என்றாள். எதைச் சொன்னாளோ.

முற்றத்தில் மண்டியிட்டுப் பழைய கழுத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டான். இரண்டு டேப்பையும் நகத்தால் சுரண்டினான். கறுப்பு சுலபமாக வந்துவிட்டது. சிவப்பு வரவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மிலோய்கா பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏறு," என்றான். சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "குதிகாலை வை. இனிமே முன்னாடி வழுக்கி உட்கார வேண்டாம், கழுத்து குட்டை. சீட்டைப் பின்னால தள்ளிட்டேன். எப்படி இருக்கு? நீ சொல்லு."

அவள் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்துக்கும் சேர்த்து உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருந்தது.

"இன்னும் ஒரு நூலளவு மேல."

ஏற்றினான்.

"இன்னும் ஒரு நூல்."

ஏற்றினான். அவள் பெடலைச் சுற்றிப் பார்த்தாள். "அவ்வளவுதான்."

"எப்ப வருவே, மிலோய்கா?"

அவள் கையுறையை மாட்டிக்கொண்டே வீட்டுப் பக்கம் பார்த்தாள். "உன் பேன்ட்ல ஒரு காலுதான் தைச்சிருக்கேன்," என்றாள். மிதித்துக் கிளம்பினாள். ஊர்க் கோடியில் மில்லுக்குப் பின்னால் ரோடு செங்குத்தாக ஏறும் இடத்தில், இத்தனை வருடமும் எழுந்து நின்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பவள், இன்று உட்கார்ந்தபடியே, முட்டிகள் நீண்டு மடங்க, மரங்களுக்குள் போய் மறைந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவன் பஸ் எடுக்க வேண்டும். சமையலறையில் பேன்ட் நாற்காலி முதுகில் தொங்கியது. ஒரு கால் மடித்துத் தைத்தது, மறு கால் தரையில் புரண்டது. லுத்விக் அதற்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்தான். உட்கார்ந்திருக்கும்போது அவன் இன்னமும் மிக உயரமான ஆளாகத்தான் தெரிந்தான்.